தகர மூடிக்குள் ஒரு ரேடியோ

2025 தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு இனிமேல் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று மைக்ரோசாஃப்ட் குறித்து வைத்திருந்த தேதி அது. அன்றைக்குச் சாயங்காலம் அக்காவின் பேத்தி தன் மடிக்கணினியைத் தலையணை உறைக்குள் போட்டு எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"சின்ன தாத்தா, இதுக்கு இனிமே அப்டேட் கிடையாதாம். புதுசு வாங்கணுமாம்."

படிவம் ஆறில் படிக்கிற பிள்ளை. எஸ்.டி.பி.எம். இடுபணி முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பழைய கணினிக் கடையில் அவளுடைய அப்பா பேரம் பேசி வாங்கியது. உள்ளே ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றைச் சேர்த்துக்கொள்வதில்லை. திரை உடையவில்லை, விசைப்பலகை நன்றாக இருக்கிறது, பெட்டிக்கு ஒரு நோயும் கிடையாது. ஆனாலும் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். புதிது வாங்க அவள் அப்பாவிடம் இப்போது காசில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் கடைக்குப் போகாமல் என்னிடம் வந்தாள்.

"லினக்ஸ் போட்டுடலாம்" என்றேன், ரொம்பத் தெரிந்தவன் போல.

அவளுடைய கோப்புகளை முதலில் வெளித்தட்டுக்கு மாற்றினேன். பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, இருபது நிமிடத்தில் புது இயங்குதளம் உட்கார்ந்துவிட்டது. ஒலி வந்தது. கேமரா வேலை செய்தது. தமிழ் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வைஃபை மட்டும் இல்லை.

இல்லை என்றால், 'இணைப்பு இல்லை' என்றுகூட அது சொல்லவில்லை. பட்டியலில் வைஃபை என்ற சொல்லே கிடையாது. இந்த வித்தியாசத்தைப் புதிதாக முயல்கிறவர்கள் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்து, சேர மட்டும் மறுத்தால் அது கடவுச்சொல், மோடம், தூரம் சம்பந்தப்பட்ட கோளாறாக இருக்கலாம். பட்டியலே இல்லை என்றால், தன்னிடம் ரேடியோ ஒன்று இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

அறுபதை நெருங்குகிறவனுக்கு வருகிற முதல் சந்தேகம் எப்போதும் 'கம்பி கழண்டிருக்கும்' என்பதுதான். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தத் தப்பால்தான் இந்தக் கட்டுரை. அக்கா வீட்டுச் சமையலறை மேசையிலேயே பெட்டியைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, வைஃபை அட்டையை வெளியே எடுத்தேன். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் மூலையில் இரண்டு பொடிக் கம்பிகள், திரையின் ஓரத்தில் இருக்கும் ஆண்டெனாவுக்குப் போகிறவை. இரண்டும் கழண்டிருக்கவில்லை.

அக்கா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். என்ன உடைக்கிறான் என்று பார்க்க வந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயை ஒரு தடவை தொட்டுவிட்டு, அட்டையை வாங்கினாள். தங்க நிறப் பற்களில் விரல் படாமல் இரண்டு ஓரத்தையும் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் சில்லுக்குள் பாயாமல் இருக்க முதலில் இரும்பைத் தொட வேண்டும் என்பது அவள் விட்டு இருபது வருஷத்துக்கு மேலான வேலை. கை மறக்கவில்லை.

"மூடி போட்டுட்டாங்களே தம்பி. உள்ள பாக்க முடியாது."

உண்மைதான். சில்லின் மேல் தகர மூடி ஒன்று ஒட்டியிருந்தது. ரேடியோ அலை வெளியே கசியாமலும் வெளியிலிருந்து உள்ளே புகாமலும் இருக்கப் போடுகிற மூடி.

அக்கா 1976-ல் பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் சேர்ந்தாள். பத்தொன்பது வயது. பத்து காவான் அப்போது தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு இருந்த மண், பிறகு ரப்பர், பிறகு செம்பனை. இன்று இங்கே மைக்ரான் இருக்கிறது, 2019-ல் திறந்த ஐகியா இருக்கிறது, 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாவது பாலம் 2014 முதல் தீவுக்குப் போகிறது. அவள் வேலைக்குப் போன காலத்தில் முதல் பாலமே கிடையாது. அது 1985-ல்தான் வந்தது. விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி பஸ், பட்டர்வொர்த்தில் ஃபெரி, அக்கரையில் மறுபடி பஸ். ஏழு மணி ஷிப்டுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தாள். எங்கள் லயத்தில் பால்மரம் வெட்டப் போகாத முதல் பெண் அவள்தான். அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் பார்த்தது பாண்டிங் வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சில்லின் ஓரத்தில் இருக்கும் புள்ளியிலிருந்து வெளிக்காலுக்குத் தங்கக் கம்பியை ஒட்ட வேண்டும். தலைமுடியில் பாதிகூட இருக்காது அந்தக் கம்பி. பிறகு இயந்திரமே ஒட்ட ஆரம்பித்தபோது அவளைப் பரிசோதனைக்கு மாற்றினார்கள்.

"அது என்ன சில்லுக்கா? எதுல போடுறது?" என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கேட்கவே இல்லை என்பது எனக்கே உறைத்தது.

"யாரு சொன்னா? சூப்பர்வைசருக்கே தெரியாது. நம்பருதான் தெரியும். இந்த நம்பருக்கு இத்தன கம்பி, அந்த நம்பருக்கு அத்தன கம்பி. கேட்டா ஒனக்கு எதுக்கும்பாங்க."

அந்தத் தொழிற்சாலைகள் இங்கே வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1969-ல் ஜார்ஜ் டவுன் தன் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையில்லாதவர்கள் பெருகினார்கள். அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை வைத்துக்கொண்டு 1972-ல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரத்தைத் தொடங்கினார். முதலில் வந்த எட்டு வெளிநாட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்' என்கிறார்கள். இன்டெல், ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை இங்கே நெல் வயலில்தான் எழுந்தது.

இந்த எட்டில் எனக்கு இப்போது வேண்டியது ஹியூலெட் பேக்கார்ட். 1999-ல் அதிலிருந்து ஏஜிலன்ட் பிரிந்தது. 2005-ல் ஏஜிலன்டின் செமிகண்டக்டர் பிரிவு விற்கப்பட்டு அவாகோ ஆனது. அவாகோவின் தலைமைக்கு 2006-ல் வந்தவர் ஹோக் டான், பினாங்கில் பிறந்து உதவித்தொகையில் அமெரிக்கா போனவர். 2016-ல் அவாகோ சுமார் 3,700 கோடி டாலருக்கு இன்னொரு நிறுவனத்தை வாங்கி, வாங்கியதன் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. அந்தப் பெயர் பிராட்காம்.

லினக்ஸ் போட்டுப் பார்த்த பழைய ஆட்களிடம் பிராட்காம் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். ஏனென்று சொல்ல என் சொந்தத் தோல்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

2007. நான் செபராங் பிறையில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம். நம் அரசாங்கமும் 2004-லேயே பொதுத்துறைக்குத் திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்திருந்தது. தமிழ்நாட்டில் 'ழ கணினி' என்று திரை முழுக்கத் தமிழிலேயே வரும் லினக்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருந்த ஆசை அதுதான்: கணினி என்னோடு தமிழில் பேச வேண்டும். தமிழில் பேசியது. வைஃபைதான் வரவில்லை.

மூன்று வார இறுதிகள் போராடினேன். வைஃபை வர ஒரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்பு இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். நிபோங் தெபாலில் ஒரு சைபர் கஃபேக்குப் பென் டிரைவோடு போய்க் கோப்பை எடுத்து வருவேன். வீட்டுக்கு வந்தால் இன்னொரு கோப்பு கேட்கும். கடைசியில் விண்டோஸையே மறுபடி போட்டேன். அதோடு விடவில்லை. "லினக்ஸெல்லாம் நமக்கு ஆகாது, வைஃபையே வராது" என்று தமிழ்ப்பள்ளி ஆசிரிய நண்பர்களிடம் சொன்னேன். பழைய கணினிகளைப் பள்ளிக்கு வாங்கிப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டு அந்த எண்ணத்தை விட்டார்கள். குற்றவாளி யார் என்று தெரியாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். என் பெட்டியில் இருந்த சில்லு யாருடையது என்பதைச் சொல்லப்போவதில்லை. அந்தக் காலத்தில் அது பெரிய வித்தியாசமும் இல்லை.

வைஃபை அட்டை என்பது ஒரு ரேடியோவும் அதை ஓட்டுகிற ஒரு சின்னக் கணினியும் சேர்ந்தது. சின்னக் கணினிக்கும் ஒரு நிரல் வேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். 1990-களின் அட்டைகளில் அந்த நிரல் அட்டைக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். செருகினால் தானாக விழித்துக்கொள்ளும். ஹியூலெட் பேக்கார்ட் ஆய்வகத்தில் இருந்த ழான் தூரில் என்பவர் அப்போதே லினக்ஸுக்கு வயர்லெஸ் கருவிகளை எழுதி வைத்திருந்தார். வேலை நடந்தது. 1999-ல் ஆப்பிள் தன் ஐபுக்கில் வைஃபையைக் கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் இன்டெல் சென்ட்ரினோவோடு இறங்கியது. அதன் பிறகு வைஃபை இல்லாத மடிக்கணினி விற்காது என்றானது. எல்லாரும் விலையைக் குறைக்கப் பார்த்தார்கள். அட்டையிலிருந்து நிரந்தர நினைவகம் போனது. ஒவ்வொரு முறை கணினி விழிக்கும்போதும் இயங்குதளம்தான் ஃபர்ம்வேரைச் சில்லுக்குள் ஊட்டிவிட வேண்டும் என்று ஆயிற்று. சின்ன மிச்சம்தான், ஆனால் கோடிக்கணக்கான அட்டைகளில்.

இங்கேதான் சிக்கல். ஊட்டிவிட வேண்டிய அந்தக் கோப்பு நிறுவனத்தின் சொத்து. விண்டோஸுக்கான குறுந்தட்டில் அதை வைத்துக் கொடுத்தார்கள். வேறு யாரும் அதைப் பிரதி எடுத்து விநியோகிக்க உரிமை தரவில்லை. சில்லை எப்படி இயக்குவது என்ற விவரக்குறிப்பையும் தரவில்லை. காரணம் கேட்டால் போட்டியாளர்கள் என்பார்கள். அலைவரிசைச் சட்டம் என்பார்கள். இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்காவில் 11 தடங்கள், மலேசியாவில் 13. இந்தக் கட்டுப்பாடு மென்பொருளில் இருந்தால், நிரலைத் திறந்து கொடுத்ததும் ஆளாளுக்கு இஷ்டப்பட்ட தடத்தில், இஷ்டப்பட்ட சக்தியில் ஒலிபரப்புவார்கள் என்ற பயம். இருக்கலாம். ஆனால் சில்லை வாங்கியவன் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

பிராட்காம் விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் வீடு வீடாகப் போன நீலக் கறுப்புப் பெட்டி, லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டர். அதற்குள் இருந்தது பிராட்காம் சில்லு. அதை ஓட்டியது லினக்ஸ்! ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் 2003-ல் அதைக் கண்டுபிடித்து எழுதினார். லினக்ஸின் உரிமத்தின்படி மூலநிரலைத் தந்தாக வேண்டும். லிங்சிஸை அப்போதுதான் வாங்கியிருந்த சிஸ்கோ தந்தது. அதிலிருந்துதான் 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. ஆனால் தந்த மூட்டையில் வைஃபை டிரைவர் மட்டும் மூலமாக இல்லை, இயந்திர மொழிக் கட்டியாக இருந்தது. ஆக லினக்ஸுக்கு டிரைவர் இல்லாமல் இல்லை. இருந்தது. ரௌட்டருக்கு உண்டு, மடிக்கணினிக்காரனுக்குக் கிடையாது.

அந்தக் கட்டியைத்தான் சிலர் பிரித்தார்கள்.

பிரித்த விதம் எனக்குப் பிடித்தது. ஒரே ஆள் பிரித்துப் பார்த்துவிட்டு அவரே புது டிரைவர் எழுதினால், திருடி எழுதினான் என்று வழக்குப் போடலாம். அதனால் இரண்டு அணியானார்கள். முதல் அணி இயந்திர மொழியைப் படித்து, 'இந்த முகவரியில் இந்த எண்ணை எழுதினால் ரேடியோ விழிக்கிறது, இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு இதைப் படிக்க வேண்டும்' என்று சாதாரண மொழியில் எழுதி வைத்தது. இரண்டாம் அணி அந்தக் கட்டியைக் கண்ணாலும் பார்க்கவில்லை. முதல் அணி எழுதிய குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு டிரைவரைப் புதிதாக எழுதியது. அதில் ஜெர்மனியின் மிக்காயேல் ப்யூஷ் முக்கியமானவர். 2005 டிசம்பரில் டிரைவர் வேலை செய்கிறது என்று அறிவித்தார்கள். 2006 ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.17-ல் அது சேர்ந்தது. 2008 ஜனவரியில் பி43 என்ற பெயரில் புதுப்பிறவி எடுத்தது.

அப்போதும் ஃபர்ம்வேர் கையில் இல்லை. அதற்கும் ஒரு கத்தி செய்தார்கள். பெயரே ஃபர்ம்வேர் வெட்டி: உங்களிடம் இருக்கும் விண்டோஸ் டிரைவர் கோப்பிலிருந்து ஃபர்ம்வேரை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் விநியோகிக்கவில்லை, நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள். 2007-ல் நான் சைபர் கஃபேக்கு அலைந்தது இந்த மாதிரி ஒரு வெட்டுவேலைக்குத்தான் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அது வெறும் ஆங்கிலப் பிழைச்செய்தி. பின்னர் 2009 வாக்கில் இத்தாலியின் பிரேஷா பல்கலைக்கழகத்தில் சிலர் இந்தச் சில்லுகளில் சிலவற்றுக்கு ஃபர்ம்வேரையே புதிதாக எழுதிவிட்டார்கள். அது வேறு உயரம்.

இதற்கு நடுவே இன்னொரு குறுக்குவழி. 2003-ல் பொன்டுஸ் ஃபுக்ஸ் தொடங்கி, கிரிதர் பெம்மசானி வளர்த்த என்டிஸ்ராப்பர். விண்டோஸ் டிரைவரை அப்படியே லினக்ஸுக்குள் கொண்டுவந்து, 'நீ விண்டோஸில்தான் இருக்கிறாய்' என்று அதை நம்பவைப்பது. டிரைவர் விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விண்டோஸ் குரலில் லினக்ஸ் பதில் சொல்லும். பலருக்கு அன்றைக்குச் சோறு போட்டது இதுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விழுந்தால் மொத்தக் கணினியும் விழும்.

எல்லாரும் பூட்டியே வைத்திருக்கவில்லை. 2006-ல் இன்டெல்லின் ஒரு சில்லுக்கு மூடிய நிரல் ஒன்று பின்னணியில் ஓட வேண்டியிருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த டிரைவரில் அது போனது. ஏதெரோஸ் 2008-ல் தானே திறந்த டிரைவர் கொடுத்தது. பிராட்காமும் 2010 செப்டம்பர் 9 அன்று தன் புதுச் சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. ஐந்து வருஷம் கண்விழித்துப் பிரித்தவர்கள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்ததுண்டு. அவர்களுடைய பழைய சில்லுகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு இன்றும் அவர்கள் எழுதியதுதான்.

பினாங்குப் பெயர்ப்பலகைக்குத் திரும்பினால், அதுவும் நிலைக்கவில்லை. பிராட்காம் ஆன கையோடு, 2016-லேயே சிறு கருவிகளுக்கான வைஃபைப் பிரிவை 55 கோடி டாலருக்கு சைப்ரஸிடம் விற்றார்கள். 2020-ல் சைப்ரஸை இன்ஃபினியான் வாங்கியது. இன்ஃபினியான் ஆலை இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கூலிமில் இருக்கிறது. உலகம் சுற்றி வந்த சில்லுக் குடும்பம் கடைசியில் நமக்குப் பக்கத்து ஊரிலேயே குடியேறியது போல் இருக்கிறது. சில்லு விற்கப்படும், கம்பெனி விற்கப்படும், பெயர் மாறும். அதை இயக்கும் குறிப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரையும் கேட்க முடியாது. யாரோ சிலர் சம்பளமில்லாமல் எழுதி வைத்தது மட்டும் இருக்கிறது.

மேசைக்கு வருவோம். அட்டையை மறுபடி செருகிப் பெட்டியை மூடினேன். இந்தத் தடவை மூன்று வார இறுதிகள் தேவைப்படவில்லை. கைப்பேசியைக் கேபிளில் செருகி, யுஎஸ்பி வழியாக இணையத்தைப் பகிரும் வசதியைப் போட்டதும் கணினிக்கு இணையம் வந்துவிட்டது. பைத்தியத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு கேபிள், அவ்வளவுதான். 2007-ல் என் சட்டைப் பையில் அது இல்லை.

பிறகு செய்ய வேண்டியது சில்லின் அடையாள எண்ணைப் பார்ப்பது. டெர்மினலில் ஒரே வரிக் கட்டளை. எட்டு எழுத்து எண் வரும். முதல் நான்கு செய்த நிறுவனத்துக்கு, அடுத்த நான்கு சில்லுக்கு. பெட்டியின் மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் லினக்ஸுக்குக் கணக்கு இந்த எண்தான். அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த எண்ணோடு தேடினால், இதற்குத் தனி டிரைவர் வேண்டும் என்று தெரிந்தது. மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்தேன். அதுவே அந்த டிரைவரைக் காட்டியது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். மறுதொடக்கம் செய்தேன்.

வரவில்லை.

"சின்ன தாத்தா, நடுவுல ஒரு நீல ஸ்கிரீன் வந்துச்சி. நீங்க முறுக்கு சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. அதுவா போயிருச்சி."

அங்கேதான் கோட்டை விட்டேன். செக்யூர் பூட் என்ற காவல் இயக்கத்தில் இருந்தால், தெரிந்த கையெழுத்து இல்லாத டிரைவரை லினக்ஸ் உள்ளே விடாது. கணினிக்கு உரியவரே 'இந்தக் கையெழுத்து என்னுடையது, விடு' என்று ஒப்புதல் தர வேண்டும். அதற்குத்தான் அந்த நீலத்திரை. பத்து வினாடி காத்திருக்கும். விசையை அழுத்தவில்லை என்றால் பேசாமல் போய்விடும், காரணமும் சொல்லாது. டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், வேலை மட்டும் செய்யாது. டிரைவரை நீக்கி, மறுபடி நிறுவி, மறுபடி கடவுச்சொல் கொடுத்து, இந்தத் தடவை இரண்டு பேரும் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நீலம் வந்ததும் அவள்தான் அழுத்தினாள்.

மேல் மூலையில் விசிறி மாதிரிச் சின்னம் வந்தது. பட்டியல் விழுந்தது. அவள் வீட்டு வைஃபை, எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தின் வைஃபை, 'கேட்காதே' என்று மலாயில் பெயர் வைத்திருக்கும் யாரோ ஒருவருடையது.

இந்தக் கஷ்டமும் குறைந்துகொண்டுதான் வருகிறது. மூடிய ஃபர்ம்வேரைத் தன் நிறுவல் தட்டில் சேர்ப்பதே இல்லை என்று பிடிவாதமாக இருந்த டெபியன்கூட 2022-ல் வாக்கெடுப்பு நடத்திக் கொள்கையைத் தளர்த்தியது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அவற்றைச் சேர்த்தே வந்தது. தோல்வி என்று சிலர் வருத்தப்பட்டார்கள். படிவம் ஆறு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வருத்தம் வரவில்லை. 2007-ல் நான் தடுத்துவிட்ட அந்த இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பேச்சே ஞாபகமில்லை.

அக்கா கடாயை இறக்கிவிட்டு வந்தாள்.

"வந்துருச்சா? அந்த மூடிக்குள்ள என்ன இருக்குன்னு யாரோ எழுதி வெச்சிருக்காங்கன்னியே, காட்டு."

அவள் பேத்தி தேடி எடுத்துக் காட்டினாள். பிராட்காம் சில்லைப் பிரித்தவர்கள் எழுதிய குறிப்பு. பக்கம் பக்கமாகப் பட்டியல்: முகவரி, எண், காத்திருக்க வேண்டிய மைக்ரோ வினாடி. அக்கா நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கிட்டப்போய், விரலால் ஒரு வரியைத் தொடர்ந்து கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுவும் நம்பராவேதான் இருக்கு" என்றாள்.